777-ஐக் கைவிட்ட பிறகு: டெப் பொதிகளைச் சோதித்த ஐந்து ஆண்டு அனுபவம்

உபுண்டு லினக்ஸின் 20.04 பதிப்புக் காலத்திலிருந்து, அலுவலகத்துக்கான டெப் பொதிகளை (மென்பொருளை நிறுவ உதவும் கோப்புகளை) கட்டுவதும் நிறுவிச் சோதிப்பதும் என் வேலை. முதல் ஆண்டு முழுவதும், 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று திரையில் வந்தால் என்னிடம் இருந்தது ஒரே கைவைத்தியம்தான்: எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஎச்மாட் 777 கட்டளை. பிழை போய்விடும், நானும் தேநீர் குடிக்கப் போய்விடுவேன். ஒருமுறை, பொதி கட்ட உதவும் டெப்ஹெல்ப்பர் கருவியின் துணையில்லாமல் கையால் கட்டிய பொதிக்குள்ளும் அந்த 777 புகுந்துவிட்டது. பொதியில் பதிவான அனுமதியை, அதை நிறுவும் கருவியான டிபிகேஜி அப்படியே கொண்டுபோய் இறக்கும். அதாவது, நிறுவிய கணினிகளில் எல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய கோப்புறை ஒன்று உட்கார்ந்திருக்கும். வெளியே போகுமுன், பொதிகளில் பிழை தேடும் லின்டியன் கருவி காட்டிக்கொடுத்ததால் தப்பித்தேன்.

அதன்பின் கைக்கு வந்தது நேம்ஐ. என், ஏ, எம், இ, ஐ என்று ஐந்து ஆங்கில எழுத்துக் கட்டளை. யூட்டில்-லினக்ஸ் என்ற அடிப்படைக் கருவித் தொகுப்போடு வருவதால் பெரும்பாலான கணினிகளில் ஏற்கெனவே இருக்கும். அதன் அருமை தெரிந்தது மடிக்கணினி மாற்றியபோது. பழையதில் தேறிய சோதனை, 22.04-ஐப் புதிதாக நிறுவிய கணினியில் விழுந்தது. தனிப் பயனராக ஓடும் சேவை ஒன்று, என் ஹோம் கோப்புறையில் இருந்த மாதிரித் தரவைப் படிக்க வேண்டும். கோப்பின் அனுமதி 644, யாரும் படிக்கலாம். அரை நாள் அந்தக் கோப்பையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

பாதையைக் கொடுத்து நேம்ஐ-யை எல் விருப்பத்தோடு ஓட்டியதும், பாதையின் ஒவ்வொரு படியும் தனி வரியாக வந்தது. என் பெயர் இருந்த வரியில், 'பிறர்' என்ற இடத்தில் வெறும் மூன்று கோடுகள். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறைக்கு, பிறரும் நுழையக்கூடிய 755-க்குப் பதில், பிறர் நுழைய முடியாத 750. பழைய கணினியில் இருந்தது 20.04 காலத்து ஹோம் என்பதால், 755 அப்படியே தங்கியிருந்தது. கோப்புறைக்கு எக்ஸ் பிட் என்றால் இயக்குவதற்கு அல்ல, கடந்து போவதற்கு. வாசலிலேயே நிறுத்திவிட்டால் உள்ளே அலமாரி திறந்திருந்து என்ன பயன்?

டெப் கோப்பை ஹோமில் வைத்து, பொதி மேலாளரான ஏப்ட் மூலம் நிறுவும்போது, '_ஏப்ட்' பயனரால் கோப்பை அணுக முடியவில்லை, பிழை எண் 13 (அனுமதி மறுப்பு) என்று ஒரு வரி வருவதும் இதே காரணத்தால்தான். வரியின் தொடக்கத்தில் 'N' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது வெறும் குறிப்பு. ஏப்ட் அந்த வேலையை, முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராகவே செய்து முடித்திருக்கும். பயந்துபோய் மறுபடி நிறுவ வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறை, நிரல்கள் ஓடுவதைத் தடுக்கும் 'நோஎக்ஸெக்' விருப்பத்தோடு இணைக்கப்பட்டிருந்தால், எக்ஸ் பிட் உள்ள நிரலும் ஓடாது, செய்தியும் அதேதான். நேம்ஐ அதைக் காட்டாது, இணைப்பு விருப்பங்களைக் காட்டும் ஃபைண்ட்மவுன்ட் கட்டளையைப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு அமைப்பான ஆப்ஆர்மர் தடுத்தாலும் அதே 13. அதற்குக் கர்னல் பதிவுகளில் தேட வேண்டும். பிழை எண் 1 வந்தால் மட்டும் கதை வேறு: அனுமதி பிட்டுகளை விட்டுவிட்டு, கோப்பு மாற்றமுடியாததாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, உரிமையாளர் யார் என்று பார்ப்பேன்.

என்னை அதிகம் ஏமாற்றியது இதற்கு நேர்மாறானது. அனுமதியை 000 (யாருக்கும் எதுவும் இல்லை) ஆக்கிய கோப்பை எங்கள் நிரல் படிக்க முயன்று பிழை தருகிறதா என்று ஒரு சோதனை. மடிக்கணினியில் தேறும், கண்டெய்னரில் (தனித்துப் பிரித்த சூழலில்) விழும். கண்டெய்னரில் ஓடியது ரூட். அதற்கு 000-மும் திறந்த கதவுதான். இப்போது கண்டெய்னரில் சாதாரணப் பயனர் ஒருவரை உருவாக்கிச் சோதனைகளை அவர் பெயரில் ஓட்டுகிறேன்.

மாதிரித் தரவை எஸ்ஆர்வி கோப்புறைக்கு மாற்றிவிட்டேன். ஹோம் 750-ஆகவே இருக்கிறது.