இரண்டு பாரிஷ் கவுன்சில்களின் சம்பளக் கணக்கை நம்பி ஒப்படைத்து 864 பவுண் இழந்தேன்: இங்கிலாந்தில் இதே வேலை செய்பவர்கள் கவனிக்கவும்

"ஒப்பந்தப்படி பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்ற ஒற்றை வரிச் செய்தி, நான் முன்பணம் கட்டிய சம்பளக் கணக்குச் சேவையிடமிருந்து நேற்று மாலை வந்தது. இரவு முழுவதும் எனக்கு நித்திரை இல்லை. ஆத்திரம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஆறிய பிறகு நான் வெட்கப்பட்டு எழுதாமலே விட்டுவிடுவேன்.

நான் இங்கிலாந்தில் அடுத்தடுத்துள்ள இரண்டு பாரிஷ் கவுன்சில்களுக்கு, அதாவது ஊர் மட்டத்துச் சிறு உள்ளூராட்சி சபைகளுக்கு, நிர்வாக வேலைகளைப் பார்க்கும் கிளார்க்காக வேலை செய்கிறேன். ஒன்றில் கிழமைக்கு 12 மணித்தியாலம், மற்றதில் 8 மணித்தியாலம். சிறிய கவுன்சில்களுக்கு ஒரு கிளார்க்கை முழுநேரமாக வைத்திருக்க வசதி இல்லாததால் இப்படி ஒருவரையே பகிர்ந்துகொள்வது இங்கே சாதாரணம். ஆனால் ஆள் ஒருவர் என்பதற்காக வேலை ஒன்றாகிவிடாது. ஒவ்வொரு கவுன்சிலும் தனித்தனி முதலாளி. தனித்தனி நியமனக் கடிதம், தனித்தனி விடுமுறைக் கணக்கு, எச்எம்ஆர்சி எனும் வரித் திணைக்களத்தில் தனித்தனிப் பதிவெண். மணித்தியாலங்களை எழுதி வைக்க என்னிடம் பச்சை அட்டையில் ஒன்று, நீல அட்டையில் ஒன்று என இரண்டு கொப்பிகள் இருக்கின்றன. ஒரே மாலையில் இரண்டு ஊர் மின்னஞ்சல்களுக்கும் பதில் எழுதினால்கூடக் கால் மணித்தியாலக் கணக்கில் பிரித்து எழுதுவேன். அந்தந்த ஊர் மக்களின் வரிப்பணத்தில் வருகிற சம்பளம் என்பதால் இதில் நான் ஒருநாளும் அசட்டையாக இருந்ததில்லை.

கடந்த மார்ச் இறுதியில், புதிய வரியாண்டு தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்தபோது, சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் இணையவழிச் சேவை ஒன்றின் தமிழ் விளம்பரத்தைப் பார்த்து அழைத்தேன். எடுத்தவர் நம்மவர். ஊரைக் கேட்டார், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், மூன்றாவது நிமிடத்தில் என்னை அக்கா என்றார். பகிர்ந்து வேலை செய்யும் கிளார்க்கின் கணக்கு சிக்கலானது, இரண்டு முதலாளிகளையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது என்று நான் விளக்கத் தொடங்கியபோது அவர் இடைமறித்து, "அக்கா, நீங்கள் மணித்தியாலத்தை மட்டும் அனுப்புங்கோ, மிச்சம் எங்கட பொறுப்பு. இப்படி எத்தனை கவுன்சில் நாங்கள் செய்யிறம்" என்றார். அந்த ஒரு வாக்கில்தான் நான் விழுந்தேன். எத்தனை கவுன்சில், எந்தக் கவுன்சில் என்று திருப்பிக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே உண்மை தெரிந்திருக்கும். சொந்த மொழியில், மரியாதையாக, என் வேலையை விளங்கிக்கொண்டவர் போல ஒருவர் பேசியதே எனக்குப் போதுமாக இருந்துவிட்டது.

ஒரு கவுன்சிலுக்கு மாதம் 18 பவுண், இரண்டுக்கும் 36, இரண்டு ஆண்டுகளுக்கு மொத்தமாகக் கட்டினால் மட்டுமே இந்த விலை, அதுவும் அன்றிரவு வரைதான் என்றார்கள். கவுன்சில் பணத்தைத் தீர்மானம் இல்லாமல் தொட முடியாது என்பதால், பிறகு மாதாமாதம் சேவையைப் பெற்றபின் கவுன்சில்களிடமிருந்து மீளப் பெறலாம் என்ற எண்ணத்தில், என் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து 864 பவுணை அனுப்பினேன்.

ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் இரண்டு பே ஸ்லிப்புகளும் ஒழுங்காக வந்தன. ஜூலை இறுதியில் ஒன்றுதான் வந்தது. அதில் வேலை நேரம் 86.90 மணித்தியாலம் என்று இருந்தது. ஆண்டின் 52.143 கிழமைகளை 12 மாதங்களுக்குப் பிரித்தால் முதல் கவுன்சிலுக்கு 52.14, இரண்டாவதற்கு 34.76 மணித்தியாலம் வர வேண்டும். இரண்டையும் கூட்டி, என் 20 மணித்தியாலத்தையும் முதல் கவுன்சிலின் தலையில் கட்டியிருந்தார்கள்.

இது வெறும் அச்சுப்பிழை அல்ல. மணிக்கு 16 பவுண் என்று முழு எண்ணில் வைத்துப் பாருங்கள். தனித்தனியாக எடுத்தால் மாதச் சம்பளம் 834.24, 556.16. இரண்டுமே ஊழியர் நேஷனல் இன்சூரன்ஸ் எனும் சமூகக் காப்புறுதிப் பிடிப்பு தொடங்கும் 1,048 பவுணுக்குக் கீழே என்பதால் அதற்காக என்னிடம் ஒரு பென்ஸும் பிடிக்கக் கூடாது. கூட்டினால் 1,390.40, உடனே 8 வீதப்படி மாதம் 27.39 பவுண் என் கையிலிருந்து போய்விடும். முதலாளி செலுத்தும் பங்கில் 417 பவுண் வரம்பு இரண்டு தடவை கழிக்கப்படுவதற்குப் பதிலாக ஒரு தடவைதான் கழிக்கப்படும் என்பதால், அங்கும் 15 வீதப்படி மாதம் 62.55 பவுண் கூடுதலாகும். சம்பந்தமில்லாத இரண்டு முதலாளிகளின் சம்பளத்தை இப்படிக் கூட்டக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

பதறிப்போய் எச்எம்ஆர்சி கணக்குகளைத் திறந்து பார்த்தேன். அழகாக இரண்டாக வந்த அந்த மூன்று மாத பே ஸ்லிப்புகளும் எனக்குக் காட்டுவதற்கு மட்டும்தான். எச்எம்ஆர்சிக்குப் போன சம்பள அறிக்கையில், முதல் கவுன்சிலின் பெயரில் ஏப்ரலிலிருந்தே கூட்டுத்தொகை போயிருக்கிறது. இரண்டாவது கவுன்சிலின் பெயரில் எதுவுமே போகவில்லை. சம்பளம் கொடுக்கும் நாளிலோ அதற்கு முன்போ போக வேண்டிய அறிக்கை அது. ஒரு வரியாண்டின் முதல் தாமதத்துக்குத் தண்டம் இல்லை, அதன் பின் ஒன்பது ஊழியர் வரை உள்ள இடத்துக்கு மாதம் 100 பவுண். ஓகஸ்டில் இரண்டாவது கவுன்சிலுக்கு 200 பவுண் தண்டக் கடிதம் வந்தது.

அழைத்தேன். "சிஸ்டம் அப்டேட் நடக்குது அக்கா, திங்கட்கிழமைக்குள்ள சரியாகும்" என்றார். திங்கட்கிழமை எடுக்கவில்லை. பிறகு கணக்காளர் விடுமுறையில் என்றார்கள். பிறகு வேறொரு பெண் எடுத்து, என்னை மேடம் என்று அழைத்து, நான் மணித்தியாலங்களைப் பிழையாக அனுப்பியிருக்கலாம் என்றார். இரண்டு கொப்பிகளின் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. உள்ளூராட்சி ஊழியருக்கு 2025 ஜூலையில் முடிவான 3.2 வீதச் சம்பள உயர்வுக்கு ஏப்ரல் 1 முதலான நிலுவையைக் கேட்டதற்கும் பதில் இல்லை. அக்கா என்று தொடங்கிய உறவு, நான் முறையிடத் தொடங்கி ஐந்து கிழமையில் "வாடிக்கையாளர் அவர்களுக்கு" என்று முடிந்தது. 864 பவுணில் செய்யாத மாதங்களுக்குரியதையாவது தாருங்கள் என்று கெஞ்சியதற்கான பதில்தான் நேற்று வந்த அந்த வரி.

வங்கியில், நீங்களே விரும்பி அனுப்பிய பணம், இது சேவை பற்றிய பிணக்கு என்று சொல்லிவிட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கார்டு நிறுவனத்திடம் கேட்க எனக்குச் சட்டப்படி உரிமை இருந்திருக்கும். கவுன்சில்கள் 864 பவுணைத் தர மறுத்ததில் நான் குறை சொல்ல மாட்டேன். கிடைக்காத சேவைக்கு ஊர்ப்பணத்தை எப்படிக் கொடுப்பது? ஆனால் கூட்டத்துக்கு மூன்று முழு நாட்களுக்கு முன் ஒட்ட வேண்டிய நிகழ்ச்சிநிரலில், "சம்பள அறிக்கை தாமதம்: 200 பவுண் தண்டம்" என்ற வரியை நானே தட்டச்சு செய்து, அந்த ஊர் அறிவிப்புப் பலகையில் என் கையாலேயே குத்தியதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. தலைவர் கோபிக்கவில்லை. அது இன்னும் கனமாக இருந்தது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவற்றை மட்டும் மறக்காதீர்கள். பத்துக்கும் குறைவான ஊழியர் உள்ள இடங்களுக்கு எச்எம்ஆர்சி தரும் கணக்கு மென்பொருள் இலவசம். ஒரே ஒரு கிளார்க் உள்ள கவுன்சிலுக்கு அதுவே போதும். யாரிடம் ஒப்படைத்தாலும் அறிக்கைக்குப் பொறுப்பு கவுன்சிலுடையதே, ஆகவே பே ஸ்லிப்பை நம்பாமல் மாதாமாதம் எச்எம்ஆர்சி கணக்கைத் திறந்து, ஒவ்வொரு கவுன்சிலின் பெயரிலும் அறிக்கை போயிருக்கிறதா என்று பாருங்கள். முன்பணம் கட்டாதீர்கள். சொந்தப் பணத்தைப் போடவே போடாதீர்கள்.

மணித்தியாலக் கொப்பிகளை யாருக்கும் கொடுக்க வேண்டாம், படம் மட்டும் அனுப்புங்கள். நான்கு மாத அறிக்கைகளை இரண்டு கவுன்சில்களுக்கும் முதலிலிருந்து திருத்தி அனுப்ப, பச்சையும் நீலமுமாக அவை இரண்டும்தான் இன்றிரவு என் மேசையில் இருக்கின்றன.