லடாக் குளிரில் விண்டர் டீசல்: சில பனிக்காலங்கள் ஓட்டிய அனுபவம்

திராஸ், கார்கில், லே பக்கம் பனிக்காலத்தில் லோடு ஓட்டுகிறவர்களுக்கு இந்தியன் ஆயிலின் விண்டர் கிரேடு டீசல் பெரிய ஆறுதல். 2019 நவம்பரில் பானிபட் ஆலையிலிருந்து வரத் தொடங்கியது. டீசலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதைப் போட்ட பிறகும் வண்டி நின்றால், பெரும்பாலும் டேங்கிலும் ஃபில்டரிலும் மிச்சமிருந்த பழைய டீசல்தான் காரணம்.

சாதாரண டீசல் 6 டிகிரி வரை ஃபில்டரில் அடைக்காமல் ஓடினால் போதும் என்பதுதான் பனிக்காலத்துக்கான இந்தியத் தரம். அதற்குக் கீழே, மார்கழித் தேங்காயெண்ணெய் மாதிரி, முதலில் கலங்கி பிறகு கெட்டியாகும். டேங்க் உறையும்வரை காத்திருக்க வேண்டாம். கலங்கலில் இருக்கும் மெழுகுத் துகளே ஃபில்டரை அடைக்கப் போதும். விண்டர் டீசலுக்குச் சொல்லும் மைனஸ் 33 கூட, டீசல் வழிவதே நின்றுபோகும் எல்லை. ஃபில்டர் அதற்கு முன்பே திணறும். அந்த எண்ணை நம்பி இரவெல்லாம் திறந்தவெளியில் நிறுத்தாதீர்கள்.

அரை டேங்க் சமவெளி டீசல்மேல் அரை டேங்க் விண்டர் டீசல் ஊற்றினால் மைனஸ் 33 கிடைக்காது. லடாக் பெட்ரோல் பங்குக்குப் போய்ச் சேரும்போது டேங்கில் கால்வாசிக்குமேல் இருக்கக் கூடாது. நடுவில் ஜோஜிலா கணவாயின் குளிரைத் தாண்ட, ஸ்ரீநகரிலேயே டீசலுக்கென்று விற்கும் உறைதடுப்புத் திரவத்தை (ரேடியேட்டர் கூலன்ட் அல்ல) டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு ஊற்றி, அதன்மேல் டீசல் பிடியுங்கள். அப்போதுதான் நன்றாகக் கலக்கும். டீசல் கலங்கிய பிறகு ஊற்றினால் பலனில்லை, உண்டான மெழுகை அது கரைக்காது. விண்டர் டீசல் பிடித்ததும் உடனே இன்ஜினை அணைக்காமல் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். பைப்பிலும் ஃபில்டரிலும் நிற்கும் பழைய டீசல் வெளியேற வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மாலையில் இன்ஜின் சூடாக இருக்கும்போதே டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரின் திருகைத் திறந்து, தெளிந்த டீசல் வரும்வரை வடியுங்கள். காலையில் திறந்தால் அடியில் ஐஸ் பிடித்திருக்கும். விரலில் தேய்த்தால் ஐஸ் தண்ணீராகிவிடும். மெழுகு பிசுபிசுவென்று ஒட்டும். எது அடைத்தது என்று அதிலேயே தெரியும்.

ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடத்தில் அணைந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. விடாமல் செல்ஃப் அடிக்காதீர்கள். குளிரில் பேட்டரி ஏற்கெனவே பாதி பலத்தில்தான் இருக்கும். ஃபில்டரைச் சுற்றித் துணி கட்டி வெந்நீர் ஊற்றுங்கள். சரியாகாவிட்டால் புது ஃபில்டர் மாட்டி, கை பம்பு அடித்து ஏர் எடுங்கள். கேனிலிருந்து டீசலை ஃபில்டரில் நேராக ஊற்றி மாட்டினால் தூசி, டீசலை உயர் அழுத்தத்தில் இன்ஜினுக்கு அனுப்பும் காமன் ரெயில் பம்புக்குப் போகும். இரண்டு ஃபில்டர் கைவசம் இல்லாமல் ஜோஜிலா ஏற வேண்டாம்.

மண்ணெண்ணெய் கலக்கும் பழைய வழக்கத்தை பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டியில் விட்டுவிடுங்கள். அதில் வழவழப்புக் குறைவு, பம்பு தேயும். கந்தகம் அதிகம், புகைக்குழாய் வடிகட்டி கெடும். பெட்ரோல் கலப்பது தீ விபத்துக்கு வழி. டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டினால் பக்கத்தில் ஓடும் நைலான் ஏர் பிரேக் குழாய்கள் உருகும். இறக்கத்தில்தான் அது தெரியவரும்.

புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா திரவமான ஆட்புளூ மைனஸ் 11-இல் உறையும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் சூட்டில் டேங்கில் உறைந்தது தானே உருகிவிடும். உறையும்போது விரியும் என்பதால் விளிம்புவரை நிரப்பாதீர்கள். அதில் உறைதடுப்புத் திரவம் எதையும் கலக்கவும் கூடாது.