என்.சி.யா, டூகேயா? கன் பிடிப்பவரின் கணக்கு

காரைக்குடிப் பக்கம் ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைகளில் தார்ப்பாயை இறக்கிக் கட்டிவிடுவோம். ஈரப் பெயிண்டில் செம்மண் புழுதி உட்கார்ந்தால் ஒரு நாள் வேலை போச்சு. தரையில் தண்ணீர் தெளித்து, நாலு பக்கமும் அடைத்து, அதற்குள் நின்று பெயிண்ட் தெளிக்கும் ஸ்ப்ரே கன் பிடிப்போம். வண்டிக்காக அடைத்த அந்த இடத்தில் அடிக்கிற ஆளுக்குக் காற்று கிடையாது. அதனால் எந்த டின்னை வாங்குவது என்பதைப் பளபளப்பை வைத்து மட்டும் நான் முடிவு செய்வதில்லை.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் பழைய ஆள். தின்னர் பறந்தால் காய்ந்துவிடும், இறுக வைக்கும் ஹார்டனர் வேண்டாம். தின்னர் கெடுதல்தான், ஆனால் நெடி, தலைவலி, கிறுகிறுப்பு என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். இதில் பெரிய பயம் தீ. தின்னரில் கலக்கும் டொலுவீன் 4 டிகிரி குளிரிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து பள்ளத்தில் தங்கும். ஒரு பீடி, ஒரு சுவிட்சுப் பொறி, ஒரு சாதாரண டேபிள் ஃபேன் போதும்.

டூகே (2K) வேறு ரகம், பெயிண்டோடு ஹார்டனரைக் கலந்து அடிப்பது. பெட்ரோல் பட்டாலும் கரையாது, மினுமினுப்பு வருஷக்கணக்கில் நிற்கும். வண்டிக்காரர்கள் அதைத்தான் கேட்கிறார்கள், கேட்பதில் தப்பும் இல்லை. சிக்கல் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட். 1984இல் போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட் இதே குடும்பம். அது எளிதில் ஆவியாகும் சாதி; ஹார்டனரில் இருப்பது டின்னில் அவ்வளவாகப் பறக்காது. கன் வழியாகப் பனிபோலச் சிதறும்போதுதான் நெஞ்சுக்குள் போகிறது. ஆபத்தான அளவு காற்றில் இருந்தாலும் அதன் வாசனை மூக்குக்குத் தெரியாது. ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா இழுக்கும். எனக்குத் தொழில் கற்றுத்தந்த அண்ணனுக்குப் பட்டறையில் ஒன்றும் செய்யாது, ராத்திரி படுத்தால்தான் இருமும். சளி என்றே இரண்டு வருஷம் ஓட்டினார். கடைசியில் கன்னைத் தொடவே முடியாமல் போனது. பல மணி நேரம் கழித்து இழுப்பதும் இந்த நோயின் குணம் என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

இனி மாஸ்க். மூக்கில் கட்டும் துண்டு எதற்கும் உதவாது. என்95 தூசியைத் தடுக்கும், தின்னர் ஆவியை விட்டுவிடும். பட்டி தேய்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். கரி கார்ட்ரிட்ஜும் தூசி ஃபில்டரும் சேர்ந்த ரப்பர் மாஸ்க் என்.சி.க்குப் போதும். தாடி இருந்தால் ஓரத்தில் ஒட்டாது, மழித்துவிட வேண்டும். உள்ளே நெடி வந்தால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்தது என்று அர்த்தம். டூகேக்கு இந்தக் கணக்கு உதவாது, வாசனையே இல்லாததை மூக்கு எப்படிக் கண்டுபிடிக்கும்? அதனால்தான் பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை ஐசோசயனேட் அடிப்பவர்களுக்கு, குழாய் வழியாகச் சுத்தக் காற்று வரும் முகமூடியைச் சொல்கிறது. அதற்கும் பட்டறைக் கம்ப்ரசரிலிருந்து அப்படியே குழாய் இழுத்துவிடக் கூடாது. எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும். சுவாசக் காற்றுக்கென்ற ஃபில்டர் வேண்டும், கம்ப்ரசர் காற்றிழுக்கும் வாய் ஜெனரேட்டர் புகைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். கன்னை நிறுத்தியதும் ஃபினிஷ் பார்க்க முகமூடியைத் தூக்குவது எல்லாருக்கும் உள்ள பழக்கம். கண்ணுக்குத் தெரியாத பனி அப்போதும் உள்ளே நிற்கும். தோலில் பட்டாலும் ஒவ்வாமை வரலாம், ஆகவே நைட்ரைல் கையுறை. கலவை கலக்கும் கையாள் பையனுக்கும் சேர்த்துத்தான்.

தண்ணீர்ப் பெயிண்ட் வந்துவிட்டதே என்பார்கள். நிறம் தண்ணீரில் வரும். பளபளப்புக்காக அதன் மேலே அடிக்கும் நிறமில்லாத கிளியர் பெரும்பாலும் டூகேதான்.

என் முடிவு இது: காற்றுக்குழாய் முகமூடி இல்லாத பட்டறையில் டூகே அடிக்கக் கூடாது, ஒரு கதவுக்குக்கூட. ஒரு பக்கம் திறந்துவைத்து, கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டு என்.சி. அடியுங்கள். புழுதி ஒட்டினால் ரப்பிங் போட்டுத் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம். டூகேதான் வேண்டும் என்றால் பட்டி பார்த்துத் தேய்ப்பது வரை நாம் முடித்து, மற்றதை ஒழுங்கான பூத், அதாவது பெயிண்ட் அடிப்பதற்கென்றே கட்டிய அறை, உள்ள இடத்துக்கு அனுப்பிவிடலாம். கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் வீட்டு அம்பாசடரை அப்படித்தான் அனுப்பினேன். கூலியில் பாதி அங்கே போயிற்று. ஆச்சியிடம் காரணத்தைச் சொன்னேன். எனக்குக் குறைந்த அந்தப் பாதியைத் தானே தருவதாகச் சொல்லிவிட்டார்.