திரும்பி வந்த பிரிட்டிஷ் சிட்காம்கள்: தேறியவை, தேறாதவை, இன்னும் வர வேண்டியது

பழைய பிரிட்டிஷ் சிட்காம்களில், அதாவது அதே ஆட்கள் எபிசோடுக்கு எபிசோட் வரும் டிவி காமெடித் தொடர்களில், எது மறுபடி வர வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் வரும் பெயர் 'ஃபால்ட்டி டவர்ஸ்'. வரவே கூடாத தொடரும் அதுதான். 1975-இல் ஆறு எபிசோட், நான்கு வருடம் கழித்து 1979-இல் இன்னும் ஆறு. மொத்தமே 12. ஜான் கிளீசும் கானி பூத்தும் எழுதிய ஸ்கிரிப்டுகள், அந்தக் காலத்து அரை மணி நேரத் தொடர்களின் ஸ்கிரிப்டுகளைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தடிமன். முதல் ஐந்து நிமிடத்தில் ஹோட்டல் முதலாளி பேசில் (கிளீஸ்) சொல்லும் ஒரு சின்னப் பொய், கடைசி ஐந்து நிமிடத்தில் அவர் தலையிலேயே வந்து விழும். நடுவில் ஒரு கதவு தப்பான நேரத்தில் திறந்தாலும் கணக்கு கெட்டுவிடும். 2023 பிப்ரவரியில், மகள் கமில்லாவோடு சேர்ந்து கிளீஸ் புதிய தொடர் செய்யப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆனால் வெயிட்டர் மானுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் 2016-லேயே இறந்துவிட்டார். கானி பூத்தோ எப்போதோ நடிப்பை விட்டு மனநல சிகிச்சையாளராகிவிட்டார். இந்தக் கணக்கைப் போட்ட இரண்டு கைகளில் ஒன்று இல்லை. 2024-இல் லண்டன் அப்பல்லோ தியேட்டரில் வந்த மேடை நாடகம் ஓடியதற்குக் காரணமும் இதுவே: பழைய மூன்று எபிசோடுகளை எடுத்து ஒட்டினார்கள், புதிதாகக் கட்டவில்லை.

ஒரு சிட்காமை நிறுத்திவைப்பது முகங்கள் என்று நினைத்துத்தான் பல ரீமேக்குகள் கவிழ்ந்தன. உண்மையில் அதை நிறுத்திவைப்பது கூண்டு. ஒருவரை ஒருவர் சகிக்க முடியாத ஆட்கள், ஆனால் யாரும் வெளியே போக முடியாத இடம். அந்தக் கூண்டு இன்றும் பூட்டியிருக்கிறதா, அதை எழுதத் தெரிந்த கை இருக்கிறதா என்று பார்த்தால் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

'ரெட் டுவார்ஃப்' இதற்கு நல்ல சாட்சி. 1988-இல் பிபிசியில் தொடங்கி 1999-இல் நின்ற தொடர், 2009-இல் டேவ் சேனலுக்குப் போனது. பூமியிலிருந்து முப்பது லட்சம் வருடம் விலகிப்போன விண்கலம், உள்ளே லிஸ்டர், செத்த பிறகும் தொல்லை தரும் ஹோலோகிராம் ரிம்மர், பூனை வம்சத்தில் வந்த கேட், ரோபோ கிரைட்டன். நடிகர்களுக்கு வயதானாலும் கூண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் 2009-இல் வந்த மூன்று பாக 'பேக் டு எர்த்' சப்பென்று இருந்தது. காரணம் ஒன்று: ஸ்டுடியோவில் பார்வையாளர் இல்லை. மக்கள் சிரிக்க விட்டுக்கொடுக்கும் இடைவெளியை வைத்து வசனம் பேசிப் பழகியவர்கள் இவர்கள். எதிரே ஆளில்லாவிட்டால் அந்தத் தாளம் தட்டுகெட்டுப் போகிறது. ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் ஆட்களை உட்காரவைத்து எடுத்து 2012-இல் வந்த பத்தாவது சீசனில் அது திரும்பிவிட்டது. புதிதாகப் பார்க்கிறவர்கள் 'பேக் டு எர்த்'தைத் தாண்டி நேராகப் பத்துக்குப் போகலாம்.

'போரிட்ஜ்' விஷயம் கொஞ்சம் சிக்கல். 1974 முதல் 1977 வரை மூன்று சீசன், பழைய கைதி ஃபிளெட்சராக ரோனி பார்க்கர், ஸ்லேட் என்ற கற்பனைச் சிறை. உண்மையான சிறைக்குள் கேமரா கொண்டுபோக அனுமதி கிடைக்காததால் வெளி வாசலுக்கு செயின்ட் ஆல்பன்ஸ் பழைய சிறையின் வாசல், உள்ளே பல மாடிக் கட்டடத்துக்கு ஈலிங் ஸ்டுடியோவின் பழைய தண்ணீர்த் தொட்டி. 'எ நைட் இன்' எபிசோடைப் பாருங்கள். ஃபிளெட்சரும் புதிதாக வந்த காட்பரும் ஓர் இரவு முழுக்க ஒரே அறையில் பேசுகிறார்கள். அவ்வளவுதான் கதை. தூக்கம் வராத பையனைப் பழைய கைதி தேற்றுவது சிரிப்புக்குள்ளேயே நடந்துவிடும். 2016-இல் பிபிசி பழைய சிட்காம்களைத் தூசி தட்டிய வரிசையில் இதுவும் வந்தது. ஃபிளெட்சரின் பேரனாக கெவின் பிஷப். மறு வருடம் ஆறு எபிசோட், அதோடு சரி. எழுதியவர்கள் அதே டிக் கிளெமென்டும் இயன் லா ஃபிரெனேயும், சிறை என்ற கூண்டும் அப்படியே இருக்கிறது. பிறகு ஏன் ஒட்டவில்லை? பேரன் தாத்தா மாதிரியே பேசுகிறான். சைபர் குற்றத்துக்கு உள்ளே வந்தவன், 1974-இல் உள்ளே போன திருடனின் தோள் குலுக்கலையும் இழுவையையும் சுமக்கிறான். அதட்டும் மக்கேயும் உருகும் பாரோக்ளோவும் என்ற பழைய வார்டர் ஜோடியையும் பேரை மாற்றித் திரும்ப வைத்தார்கள். கூண்டு கிடைத்தும் உள்ளே விட்டது நகல்.

இதே இரண்டு எழுத்தாளர்கள்தான், எப்படித் திரும்பி வருவது என்பதற்கு இன்றுவரை மிஞ்ச முடியாத உதாரணத்தையும் தந்தார்கள் என்பது வேடிக்கை. 1964-66 'தி லைக்லி லேட்ஸ்' நியூகாசில் இளைஞர்கள் இருவரின் கறுப்பு வெள்ளைக் கதை. 1973-இல் வண்ணத்தில் 'வாட்டெவர் ஹேப்பன்ட் டு தி லைக்லி லேட்ஸ்?' என்று வந்தபோது பட்டாளத்திலிருந்து திரும்பும் டெர்ரிக்கு ஊரே அடையாளம் தெரியவில்லை. பழகிய இடங்களை இடித்துவிட்டார்கள். நண்பன் பாப் வீடு வாங்கி, கல்யாணம் நிச்சயம் செய்து, நடுத்தர வர்க்கத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறான். நடுவில் போன வருடங்களை மறைக்காமல் அதையே கதையாக்கினார்கள். முதல் தொடரைவிட இது மேல். முதல் தொடரின் பல எபிசோடுகள் அழிந்துவிட்டதால், ஒப்பிட நினைப்பவர்கள் கிடைப்பதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' நேர் எதிர். 1996 டிசம்பர் 29 அன்று, பணக்காரராகும் கனவிலேயே காலம் தள்ளிய அண்ணன் தம்பி டெல்பாயும் ராட்னியும் ஒரு பழைய ஹாரிசன் கடிகாரத்தை 62 லட்சம் பவுண்டுக்கு விற்றுக் கோடீஸ்வரர்களாகி நடந்துபோனார்கள். 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள். கூண்டு திறந்துவிட்டது, கதை முடிந்தது. 2001-இல் திரும்பக் கொண்டுவர என்ன செய்தார்கள்? பங்குச் சந்தையில் அத்தனை பணத்தையும் தொலைக்கவைத்தார்கள். பழைய பெக்கம் ஃபிளாட்டுக்குத் திரும்ப வேறு வழியில்லைதான், ஆனால் பார்த்தவர்களுக்கு முந்தைய முடிவின் இனிப்பும் போயிற்று. 2003 வரை வந்த அந்த மூன்று கிறிஸ்துமஸ் எபிசோடுகளையும் விட்டுவிட்டு 1996-லேயே நிறுத்திக்கொள்வது உத்தமம். தொடரை எழுதிய ஜான் சல்லிவன் 2011-இல் காலமாகிவிட்டார்; இதற்கு மேல் கேட்பதில் பொருளில்லை.

மளிகைக் கடைக் கதையான 'ஓப்பன் ஆல் ஹவர்ஸ்' திரும்பி வந்த 'ஸ்டில் ஓப்பன் ஆல் ஹவர்ஸ்' (2013-19) நடுத்தரம். எழுதியவர் பழைய ராய் கிளார்க்கே, விரலைக் கடிக்கும் அதே கல்லாப்பெட்டி, கடைப் பையன் கிரான்வில்லாக இருந்த டேவிட் ஜேசன் இப்போது கிழட்டு முதலாளி. சரியான யோசனை. ஆனால் கஞ்சன் மாமா ஆர்க்ரைட்டிடம் சிக்கித் தவித்த கிரான்வில்லின் எரிச்சல்தான் பழைய தொடரின் நெருப்பு. புதியதில் யாரும் யாரிடமும் அப்படி மாட்டிக்கொள்ளவில்லை. மழை நாளில் போட்டுவைக்கலாம்.

'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' வேண்டும் என்று கேட்பவர்களும் நிறைய. 1977-79-இல் எல்டபிள்யூடி என்ற லண்டன் டிவி நிறுவனம் எடுத்தது. மாலை நேர ஆங்கில வகுப்பு, பல நாட்டு மாணவர்கள், ஆளுக்கு ஒரு ஜோக். ரஞ்சித் சிங்காக நடித்தவர் இலங்கையில் பிறந்த ஆல்பர்ட் மோசஸ். 1986-இல் ஒருமுறை திருப்பிக் கொண்டுவந்து பார்த்துவிட்டார்கள். பழையவர்களில் சிலர் மட்டுமே வந்தார்கள், அலியாக நடித்த டினோ ஷஃபீக் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்திருந்தார். அது எடுபடவில்லை. குறை ஆட்களில் மட்டும் இல்லை. ஒருவருக்கு ஒரே ஜோக் என்றால் பத்து எபிசோடில் தீர்ந்துவிடும். இதில் கூண்டும் இல்லை. பிடிக்காதவன் நாளை வகுப்புக்கு வராமல் இருந்துவிடலாம்.

கேட்டே ஆக வேண்டிய ஒன்று 'எஸ் மினிஸ்டர்'. 1980-84, பிறகு 'எஸ், பிரைம் மினிஸ்டர்' 1986-88, மொத்தம் 38 எபிசோட். 1979 தேர்தலைக் கருதி ஒளிபரப்பையே தள்ளிவைத்தார்கள். ஆளும் கட்சி எது என்று கடைசிவரை சொல்லவே மாட்டார்கள்; அதனால்தான் இன்றும் பழசாகவில்லை. கூண்டும் எளிமை: அமைச்சர் தற்காலிகம், நிரந்தரச் செயலர் நிரந்தரம். அமைச்சருக்கு வேண்டியது நாளைய தலைப்புச் செய்தி, செயலர் சர் ஹம்ப்ரிக்கு வேண்டியது எதுவும் நகராமல் இருப்பது. 2022 ஒரே வருடத்தில் பிரிட்டன் மூன்று பிரதமர்களைப் பார்த்த பிறகு இந்தப் பூட்டு இன்னும் இறுகியிருக்கிறது.

2013-இல் கோல்டு சேனலில் டேவிட் ஹேகும் ஹென்றி குட்மனும் நடித்த 'எஸ், பிரைம் மினிஸ்டர்' ரீமேக்கின் ஆறு எபிசோட் ஏன் தேறவில்லை என்பதைப் பார்த்தால் அடுத்தது எப்படி வேண்டும் என்பது தெரியும். மேடை நாடகத்திலிருந்து வந்ததால் கதை பிரதமரின் கிராமத்து இல்லமான செக்கர்ஸ் மாளிகையில் ஒரே நெருக்கடியைச் சுற்றி ஓடியது. எல்லோரும் கத்தினார்கள். பழைய தொடரில் ஹம்ப்ரியான நைஜல் ஹாத்தோர்ன் ஒரு நீண்ட வாக்கியத்தைக் குரல் உயர்த்தாமல் சொல்லி முடிக்க, அமைச்சர் ஹேக்கரான பால் எடிங்டன் முகத்தில் மெதுவாகக் கலவரம் படரும். சிரிப்பு அந்த முகத்தில்தான் இருந்தது. ஆகவே ஹேக்கர், ஹம்ப்ரி என்ற பெயர்களே வேண்டாம். புது அமைச்சர், புது செயலர், எபிசோடுக்கு ஒரு கோப்பு, ஸ்டுடியோவில் பார்வையாளர், ஆறு எபிசோட். பழைய தொடரைப் போலவே அரசு எந்திரத்தின் உள்ளே இருந்தவர்களிடம் விஷயம் கேட்டு எழுதும் ஒருவர் கிடைக்காவிட்டால் மட்டும் எடுக்காமலே விட்டுவிடலாம்.