ஹிமாலயன் 411-ஆ, டாமினார் 400-ஆ? ஓனரிடமே நேரடியாக வாங்குவோருக்கு

தூரப் பயணத்துக்கு செகண்ட் ஹேண்ட் பைக் தேடினால், நம் ஊரில் பேச்சு பெரும்பாலும் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411, பஜாஜின் டாமினார் 400 என்ற இந்த இரண்டில் வந்து நிற்கும். இரண்டும் ஒற்றை சிலிண்டர், இரண்டிலும் சீட் உயரம் 800 மி.மீ. ஒற்றுமை கிட்டத்தட்ட அதோடு சரி.

நான்கு வழிச் சாலையில் டாமினார் வேறு ரகம். 2019-இல் வந்த 40 குதிரைத்திறன் மாடல், கிருஷ்ணகிரியிலிருந்து மதுரை வரை நூறிலேயே போனாலும் திணறாது. லாரியை முந்தும்போது இன்னும் மிச்சம் வைத்திருக்கும். ஹிமாலயனின் 24 குதிரைத்திறன் 80, 90-இல் அழகாகப் போகும். நூறைத் தாண்டினால் அதிர்வு கைக்கு வந்துவிடும்.

மலை ஏறினால் கதை மாறுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஹிமாலயன் குறைந்த வேகத்திலும் இரண்டாம் கியரில் முக்காமல் இழுக்கும். முன்னால் 21 இன்ச் சக்கரம், அடியில் 220 மி.மீ. இடைவெளி, குழியும் மண் பாதையும் பெரிதாகத் தெரியாது. டாமினாருக்கு அந்த இடைவெளி 157 மி.மீ. தான்.

பலர் யோசிக்காமல் விடுவது பஞ்சரை. ஹிமாலயன் 411-க்கு ஸ்போக் ரிம், ட்யூப் டயர். இரவு பத்து மணிக்கு ஊர் இல்லாத இடத்தில் பின் சக்கரம் பஞ்சரானால், சக்கரத்தைக் கழற்றி ட்யூபை எடுத்தாக வேண்டும். டாமினாருக்கு அலாய் வீல், ட்யூப்லெஸ். சின்னப் பஞ்சர் கிட் இருந்தால் ஓரமாக நிறுத்தி நாமே ஒட்டிக்கொள்ளலாம். தனியாகப் போகிறவருக்கு இது எஞ்சின் பலத்தைவிடப் பெரிய விஷயம் என்பேன்.

பார்க்கப் போகும்போது, ‘நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்’ என்று ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணுகிற வண்டியோ என்று சந்தேகப்படலாம். ஹிமாலயன் என்றால் நடு ஸ்டாண்டில் ஏற்றி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் லேசாகச் சிக்கினால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிருக்கிறது. சக்கரத்தைச் சுற்றி ரிம் ஆடுகிறதா என்றும் பாருங்கள். 2016-இல் வந்த கார்புரேட்டர் மாடலை நான் தவிர்ப்பேன். எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைப் பீய்ச்சும் முறை), ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இரண்டும் உள்ளதையே தேடுவேன். டாமினாரில் முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவு, ரேடியேட்டரில் அடி பட்ட தடம், கூலன்ட் அளவு ஆகியவற்றைப் பாருங்கள். மீட்டரில் 15,000 காட்டி, பிரேக் டிஸ்க்கில் தேய்ந்து விரலுக்குத் தட்டுப்படும் விளிம்பு இருந்தால், மீட்டரை நம்பாதீர்கள்.

காகிதம் இரண்டுக்கும் ஒன்றுதான். சேசிஸ் எண் ஆர்சியோடு பொருந்த வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் ஓனர் கையெழுத்து வேண்டும். லோன் வண்டி என்றால் வங்கியின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), ஆர்சியில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35 இல்லாமல் முழுப் பணம் தராதீர்கள். கர்நாடகப் பதிவு விலை குறைவாகத் தெரியும்; இங்கே மறுபடி கட்ட வேண்டிய சாலை வரியைச் சேர்த்துப் பார்த்தால் அந்த லாபம் கரைந்துவிடும். இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.

என் கணக்கில், வருடத்துக்கு இரண்டு மூன்று நீண்ட பயணம், பெரும்பாலும் தார் ரோடு என்றால் 2019-க்குப் பிந்தைய டாமினார்தான். வால்பாறை, கொல்லிமலை என்று மாதாமாதம் மலைக்குப் போகிறவருக்கும், பின்னால் பையைக் கட்டிக்கொண்டு அவசரமில்லாமல் சுற்றுகிறவருக்கும் ஹிமாலயன். அதில் லக்கேஜ் கேரியர் கம்பெனியிலிருந்தே வருகிறது. ட்யூப் மாற்ற மட்டும் வாங்கும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.