அரைத் தொன் இரும்பும் எட்டடி ஒழுங்கையும்: பழைய லேத் வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையின் அகலம் எட்டடி. நிலாவெளி வீதியிலிருந்து வளவு வாசல் வரை அறுபது மீற்றர் தூரம். முதல் இருபது மீற்றர் கொங்கிறீட், மீதி முழுவதும் கடல் மணல். இரண்டு வருடம் தேடி, இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் இயந்திரங்கள் மூன்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கடைசியில் ஒன்றை வீட்டுப் பட்டறைக்குள் இறக்கிய பிறகு சொல்கிறேன்: விற்பவரிடம் விலை கேட்பதற்கு முன்பே அந்த அறுபது மீற்றரை அளந்து வைத்திருக்க வேண்டும்.

எனக்கு லேத் தேவைப்பட்டது மீன்பிடி வள்ளங்களின் புரொப்பெல்லர் தண்டு, தண்ணீர்ப் பம்பின் புஷ், லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தின் பின் போன்ற வேலைகளுக்கு. திருகோணமலையில் இந்த வேலைகளுக்கு என்றுமே பஞ்சமில்லை. வேலை இன்னதென்று தெரிந்திருந்ததால் முதல் போட்டியாளரை விரைவிலேயே ஒதுக்கிவிட்டேன். அது சீனத் தயாரிப்பான சின்ன மேசை லேத், புத்தம் புதியது. எடை நாற்பது கிலோ அளவில். இரண்டு பேர் தூக்கினால் முச்சக்கர வண்டியில் கூட வந்து சேரும். கடிகார வேலைக்கும் மாதிரி இயந்திரம் செய்பவருக்கும் அது போதும். ஆனால் எஃகுத் தண்டில் ஆழமாக ஒரு வெட்டுக் கொடுத்தால் இயந்திரமே அதிரும், வெட்டிய முகத்தில் அலை அலையாகக் கோடு விழும். லேத்தின் எடை வீண் சுமையாகத் தோன்றினாலும் அதிர்வை விழுங்குவது அந்த வார்ப்பிரும்புதான்.

மிச்சமிருந்த இரண்டுமே பிரித்தானியப் பழசு. ஒன்று மைஃபோர்ட் எம்.எல்.7. நொட்டிங்காம் அருகே பீஸ்டன் என்ற ஊரில் 1946 முதல் தயாரிக்கப்பட்டது. வீட்டுப் பட்டறைக்கென்றே பிறந்த இயந்திரம். மற்றது கோல்செஸ்டர் ஸ்ரூடன்ற். பெயரில் மாணவன் இருந்தாலும், தொழிற்கல்லூரிகளிலும் பட்டறைகளிலும் பல பத்தாண்டு உழைத்த முழு அளவு லேத் அது. மைஃபோர்ட்டின் எடை ஸ்ராண்ட் இல்லாமல் ஏறத்தாழ 100 கிலோ. ஸ்ரூடன்ற் அரைத் தொன்னைத் தாண்டும்.

மைஃபோர்ட்டை நான் மனதார விரும்பினேன். நான்கு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். சாதாரண வீட்டு மின்சாரத்தில், அரைக் குதிரைவலு மோட்டாரில் ஓடும். சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் பெயரிங் தேய்ந்தால் இடையிலுள்ள மெல்லிய தகட்டை எடுத்து இறுக்கிக்கொள்ளலாம், அதைச் செய்ய மெக்கானிக் தேவையில்லை. மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்த அன்று கண்டியில் அதன் முன்னால் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஸ்பிண்டில் துளை 15 மில்லிமீற்றர் அளவுதான். வள்ளத்தின் தண்டு ஓர் அங்குலம். துளைக்குள் நுழையாத தண்டை வெளியே தாங்குகோல் கொடுத்துத்தான் கடைய வேண்டும். நீளமான தண்டென்றால் லேத்தின் அடிப்பாளமான பெட்டின் நீளமே போதாது. பம்பு புஷ், சிறிய பின், சைக்கிள் சாமான் இவையே வேலை என்பவர் இந்தப் பத்தியோடு தேடலை முடித்துக்கொள்ளலாம். மைஃபோர்ட்டை வாங்குங்கள், கவலையின்றி இருங்கள்.

நான் ஸ்ரூடன்றை எடுத்தேன். கொழும்பில் மூடப்பட்ட ஒரு பட்டறையில் தறப்பாளின் கீழ் கிடந்தது. விற்றவர் “நேற்று வரை ஓடியது” என்றார். கியர்பொக்ஸ் மூடியைத் திறந்தபோது எண்ணெய் தண்ணீர் கலந்து பால்போல் வெளுத்திருந்தது. அதனால் பழைய இயந்திரத்தில் வாய்ப்பேச்சை நம்பாமல் கைகளால் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது பெட்டின் தேய்மானம். வெட்டும் கருவியைத் தாங்கி நகரும் சாடிலை, வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கின் பக்கம் கொண்டுவந்து, அதன் இறுக்குப்பட்டையைச் சற்றுக் கடினமாக நகரும் அளவுக்கு இறுக்குங்கள். பிறகு மறுமுனையிலுள்ள டெயில்ஸ்டொக் பக்கம் நகர்த்துங்கள். அங்கே போய்ச் சிக்கிக்கொண்டால், அதிகம் வேலை நடந்த சக் அருகில் பெட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் சிக்குவது வயதுக்கு இயல்பு; அறவே நகராவிட்டால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள், ஏனென்றால் பெட்டைத் தேய்த்துச் சமன்செய்யும் செலவு இயந்திரத்தின் விலையை எட்டும். இரண்டாவது ஸ்பிண்டில். நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் டயல் கேஜை வைத்துச் சக்கை மேலும் கீழும் பிடித்து உயர்த்திப் பார்த்தால் பெயரிங்கின் ஆட்டம் முள்ளில் தெரிந்துவிடும். கறள் படிந்திருப்பதற்குப் பயப்பட வேண்டாம், மேற்கறள் துடைத்தால் போய்விடும். உடைந்த கியர்ப் பல்லுக்குத்தான் பயப்பட வேண்டும். பெரும்பாலான பழைய பிரித்தானிய லேத்தில், மரை வெட்டும்போது சாடிலை நகர்த்தும் நீண்ட திருகான லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில் இருக்கும். மில்லிமீற்றர் மரை வெட்ட 127 பல் கியர் வேண்டும். ஐந்து அங்குலம் சரியாக 127 மில்லிமீற்றர் என்பதிலிருந்து வந்த எண் அது. அந்தக் கியர் கூடவே வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள், தனியாகத் தேடுவது பெரும்பாடு.

மின்சாரத்திலும் இரண்டு இயந்திரங்களுக்கும் தூரம் அதிகம். ஸ்ரூடன்றில் பொதுவாக 400 வோல்ட் திரீ பேஸ் மோட்டார்தான் இருக்கும். என் வீட்டில் 230 வோல்ட் சிங்கிள் பேஸ். புதிய திரீ பேஸ் இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது சிங்கிள் பேஸ் மோட்டாராக மாற்றலாம், அல்லது இன்வேர்ட்டர் பெட்டி வைக்கலாம். இன்வேர்ட்டர் 230 வோல்ட்டை வாங்கி 230 வோல்ட் திரீ பேஸாகத் தருகிறது. மோட்டாரின் முனைப்பெட்டியில் ஆறு முனைகளும் வெளியே இருந்தால், உள்ளிருக்கும் சுருள்களின் ஸ்டார் இணைப்பை டெல்டா இணைப்பாக மாற்றி அதிலேயே ஓட்டிவிடலாம். எனக்கு அப்படித்தான் அமைந்தது. மெதுவாகத் தொடங்கவும் வேகத்தை மாற்றவும் முடிகிறது என்பதால் இன்றைக்கும் அதையே சிபாரிசு செய்வேன்.

இனி என் நெஞ்சுக்கு நெருக்கமான பகுதி: கொண்டுவருவது. கொழும்பிலிருந்து கிரேன் பொருத்திய லொறியான பூம் ட்ரக் ஒன்றை நேராக அமர்த்தினால், அதுவே ஏற்றி அதுவே இறக்கும், கை வலிக்காது. ஆனால் 250 கிலோமீற்றருக்கு மேல் கிரேனின் வாடகையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இன்னொரு வழி, வெறும் லொறி. வாடகை பாதிக்கும் கீழே. விற்பவரிடம் பட்டறைக் கிரேன் இருந்தால் ஏற்றுவதில் சிரமமில்லை, இறக்குவதில்தான் சிக்கல்.

நான் இரண்டையும் கலந்தேன். தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏ6 வீதியில் லொறி வந்தது. ஹபரணையைத் தாண்டிய காட்டுப் பகுதியில் இரவில் யானை குறுக்கிடும் என்பதால் சாரதி பகலிலேயே வர ஒத்துக்கொண்டார். நிலாவெளி வீதியில் உள்ளூர் பூம் ட்ரக் ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அமர்த்தினேன். எட்டடி ஒழுங்கைக்குள் அது நுழையாது. வீதியில் நின்று கையை நீட்டி மதிலுக்கு மேலாக வைத்துவிடலாமே என்று பலர் கேட்டார்கள். மூன்று தொன் தூக்கும் கிரேன் கை முழுதாக நீண்டபின் சில நூறு கிலோவைத்தான் தூக்கும். மேலே மின்கம்பியும் போகிறது. ஆகவே அது லொறியிலிருந்து லாண்ட்மாஸ்டரின் வண்டிப்பெட்டிக்கு மாற்றிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அதற்கு முன்பே சக், டெயில்ஸ்டொக், மோட்டார், முன் தகடுகள் எல்லாவற்றையும் கழற்றியிருந்தோம். ஸ்பிண்டில் அமர்ந்திருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டொக்கைத் தொடவில்லை, அதைக் கழற்றினால் பெட்டோடு இருக்கும் நேர்மை கெட்டுப்போகும், மீட்பதற்கு நாட்கணக்கில் பாடுபட வேண்டும். ஹெட்ஸ்டொக் பக்கம் கனமும் உயரமும் அதிகம் என்பதால் லேத் பக்கவாட்டில் சாயத் துடித்துக்கொண்டே இருக்கும். தூக்கும் பட்டி பெட்டைச் சுற்றித்தான் போக வேண்டும், லீட் ஸ்க்ரூவை நசுக்கக் கூடாது. சாடிலை டெயில்ஸ்டொக் பக்கம் தள்ளினால் சமநிலை கிடைக்கும். சரியும் பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது தோள்கொடுக்க ஓடிவருவார்கள். அரைத் தொன்னுக்கு முன் தோள் ஒன்றுமில்லை.

மணலில் என்ன செய்வது என்ற கவலைக்குப் பக்கத்து வீட்டு ஐயா பதில் வைத்திருந்தார். துறைமுகத்தில் உழைத்து ஓய்வுபெற்றவர். “தம்பி, மணலில் உருளை ஓடாது. பலகை போட்டு அதன்மேல் வண்டியை ஓட்டு,” என்றார். பனம்பலகைகளைப் பாதையாக விரித்து, வண்டி கடந்ததும் பின்பலகையை எடுத்து முன்னே போட்டுக்கொண்டே போனோம். பட்டறைத் தரை கொங்கிறீட் என்பதால் அங்கே குழாய் உருளைகள் அழகாக ஓடின. வண்டிப்பெட்டியிலிருந்து இறக்க, கராஜ் ஒன்றிலிருந்து இரும்புச் சட்டமும் சங்கிலியால் தூக்கும் செயின் புளொக்கும் இரவல் வாங்கினேன். தூக்கியதும் வண்டியை வெளியே இழுத்துவிட்டு, ஒவ்வோர் அங்குலமாக இறக்கினோம். அலவாங்கால் நெம்பும்போது கீழே மரக்கட்டை கொடுத்துக்கொண்டே போங்கள். விரல்களை உள்ளே விடாதீர்கள்.

கிண்ணியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் பாலம் திறந்த பிறகு உங்களுக்கும் இதே கணக்குத்தான். முன்பு போலப் படகுத்துறைக்காக இயந்திரத்தைத் துண்டாக்க வேண்டியதில்லை.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்றோடு மழை கொட்டும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஒழுங்கையும் ஆகாது, எண்ணெய் துடைத்த பெட்டும் ஒரே இரவில் சிவந்துவிடும். கச்சான் காற்று வீசும் காலத்தில் தரை காய்ந்திருக்கும், ஆனால் காற்றில் வரும் மண்தூள் எண்ணெயோடு சேர்ந்து சாணைக்கல் போல் பெட்டை அரிக்கும். நான் பங்குனியைத் தேர்ந்தெடுத்தேன். இறக்கிய அன்றே தடித்த எண்ணெய் பூசித் துணியால் மூடினேன், மறுநாள் ரசமட்டம் வைத்து நான்கு மூலைகளிலும் தகடு கொடுத்துப் பெட்டைச் சமன்செய்தேன். தரை இறுகி அடங்க நேரம் எடுக்கும் என்பதால் ஒரு மாதம் கழித்து மறுபடி மட்டம் பார்த்தபோது, ஹெட்ஸ்டொக் பக்கம் அரை மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. இன்னொரு தகடு சொருகினேன்.