தண்ணீரைத் தடுப்பதா, உள்ளே விடுவதா? வெள்ளத்துக்கு வீட்டைத் தயார்செய்யும் இரண்டு வழிகள்

வெள்ளத்துக்கு வீட்டைத் தயார்செய்வது என்றதும் எல்லோர் கண்ணும் வாசலுக்குத்தான் போகிறது. கதவை எதை வைத்து அடைப்பது, எத்தனை மூட்டை வேண்டும் என்றுதான் பேச்சு தொடங்கும். அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் அதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தண்ணீரை வெளியிலேயே நிறுத்தப் போகிறோமா, அல்லது உள்ளே வந்தாலும் அதிகம் கெடுக்காமல் வடிந்து போகும்படி வீட்டை அமைக்கப் போகிறோமா? இரண்டுக்கும் செலவு வேறு, வேலை வேறு, ஆபத்தும் வேறு.

இந்தக் கேள்விக்கு விடை தண்ணீர் ஏறும் உயரத்தில் இருக்கிறது. 30 செ.மீ. உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 45 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. 60 செ.மீ. ஆகிவிட்டால் அது 180 கிலோ. ஒரு மீட்டரில் 500 கிலோ. உயரம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. ஐந்து மீட்டர் நீளமுள்ள சுவருக்கு வெளியே ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கிறது, உள்ளே தரை காய்ந்திருக்கிறது என்றால், அந்தச் சுவர் தனியாக இரண்டரை டன்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஓடும் தண்ணீரின் வேகமும் அதில் மிதந்து வந்து மோதும் கட்டைகளும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஆகவேதான் அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா, செங்கல், கான்கிரீட் சுவர்களிலும் மூன்று அடிக்கு மேல் தண்ணீரைத் தடுக்க முயல வேண்டாம் என்கிறது. பிரிட்டனின் கட்டட வழிகாட்டி 60 செ.மீ. தாண்டினால் உள்ளே விட்டுவிடச் சொல்கிறது. நான் இரண்டாவது அளவையே எடுத்துக்கொள்வேன். நம் வீட்டுச் சுவர் எவ்வளவு தாங்கும் என்று பொறியாளர் பார்த்துச் சொல்லாதவரை, முழங்காலுக்குச் சற்று மேலான உயரம்தான் எல்லை.

தடுக்கும் வழி

தாழ்வான, சில மணி நேரத்தில் வடிந்துவிடும் வெள்ளத்துக்கு இது நல்ல வழி. மணல் மூட்டை உடனே கிடைக்கும், யாரும் அடுக்கலாம். ஆனால் பலர் மூட்டையை வாய்வரை நிரப்பிவிடுகிறார்கள். பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். அப்போதுதான் மூட்டை தட்டையாகி அடுத்ததோடு ஒட்டும். செங்கல் வரிசைபோல இணைப்பு மாறி மாறி வர அடுக்கி, தண்ணீர் வரும் பக்கம் பிளாஸ்டிக் விரிப்பு போட்டாலும் கசியத்தான் செய்யும். வெள்ளம் வடிந்தபின் அந்த மூட்டைகள் சாக்கடை ஊறிய கழிவாகிவிடும், குழந்தைகள் விளையாடும் மணலாகத் திருப்பிக் கொட்டக் கூடாது.

நிலைச்சட்டத்தில் முன்பே பள்ளம் பொருத்தி, ரப்பர் விளிம்புள்ள தடுப்புப் பலகையைச் செருகுவது இதைவிட மேல். கசிவு குறைவு, ஒரே ஆள் சில நிமிடங்களில் மாட்டிவிடலாம். தண்ணீர் ஏறும் நேரத்தில் அந்த ஆள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் பலவீனம். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், பலகையின் எடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டில் எதைத் தேர்ந்தாலும் பலர் மறப்பது கழிவுநீர்க் குழாயை. தெருச் சாக்கடை நிரம்பியதும் தண்ணீர் வாசலுக்குக் காத்திருப்பதில்லை. வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் துளை வழியாக, அதாவது குளியலறை வடிகால் அல்லது கழிப்பறைக் கோப்பை வழியாக, மலக்கழிவோடு பொங்கி வருகிறது. வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு இல்லாத வீட்டில் எவ்வளவு நல்ல பலகை போட்டாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அந்த வால்வையும் அவ்வப்போது திறந்து சுத்தம் செய்ய வேண்டும். ஒரு துணித்துண்டு சிக்கினாலே மூடாமல் போகும். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் வீட்டுக்குள் நாம் ஊற்றும் தண்ணீருக்கும் வெளியேற வழியில்லை. ஆகவே அப்போது குளியல், துவையல், ஃப்ளஷ் எதுவும் கூடாது.

நாள்கணக்கில் நிற்கும் வெள்ளத்தில் இந்த வழி தோற்றுவிடும். செங்கல் ஊறும், தரையின் அடியிலிருந்து ஈரம் கிளம்பும், கதவு மட்டும் காய்ந்திருந்து பயனில்லை.

உள்ளே விடும் வழி

கேட்கவே மனசு ஒப்பாது. ஆனால் உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால், சுவரைத் தள்ளும் விசை இரு பக்கமும் சமமாகிவிடுகிறது. நனைவது பொருள்கள், நிற்பது வீடு. தரைக்குக் கீழே அறை உள்ள வீடுகளில், வெள்ளம் புகுவதற்கு முன்பே குழாய்த் தண்ணீரை நிரப்பிவிடுவதும் உண்டு. அழுத்தமும் சமமாகும், சேறும் கழிவும் குறையும்.

இந்த வழியில் வேலையெல்லாம் வெயில் காலத்திலேயே முடிந்திருக்க வேண்டும். சுவிட்ச் போர்டுகளும் பிளக் பாயின்ட்டுகளும் எதிர்பார்க்கும் நீர்மட்டத்துக்கு மேலே போக வேண்டும், ஒயர்கள் கூரையிலிருந்து இறங்க வேண்டும், தரைத்தளத்துக்குத் தனி சர்க்யூட் வேண்டும். தண்ணீரைத் தொடும் உயரம்வரை ஜிப்சம் பூச்சும் ஜிப்சம் பலகையும் வேண்டாம். அவை ஈரத்தை உறிஞ்சி, வெள்ளக் கோட்டுக்கும் மேலே ஏற்றிவிடும். சிமென்ட் பூச்சு அல்லது சுண்ணாம்புப் பூச்சு நனைந்தாலும் பெரும்பாலும் தப்பும். கீழ் அலமாரிகளுக்குப் பார்ட்டிகிள் போர்டு மிக மோசமான தேர்வு, ஒருமுறை நனைந்து உப்பினால் பழைய வடிவுக்குத் திரும்பாது. கல், எஃகு, தண்ணீர் தாங்கும் பிளைவுட் ஆகியவை கழுவித் துடைத்தால் மீண்டும் வேலைக்கு வரும்.

கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், நான் முதலில் ஒருவழி வால்வைப் போடுவேன். அடுத்து மின் இணைப்புகளை உயர்த்துவேன். வாசல் பலகை மூன்றாவதுதான். முதல் இரண்டும் தண்ணீரைத் தடுத்தாலும் உள்ளே விட்டாலும் பயன் தரும், யாரும் வீட்டில் இல்லாதபோதும் வேலை செய்யும்.

வடிந்த பிறகு

இங்கேயும் அவசரமா, பொறுமையா என்ற தேர்வு உண்டு. தரைத்தளத் தண்ணீரை உடனே வெளியேற்றலாம். தரைக்குக் கீழே இருக்கும் அறையில் அவசரம் ஆபத்து. வெளியே மண் இன்னும் ஊறி நிற்கிறது, உள்ளே காலியானதும் சுவர் உள்பக்கம் சாயலாம், தரை மேலே எழும்பலாம். வெளி மட்டம் இறங்கிய பிறகு, நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறைப்பதே சரி. பெட்ரோலில் ஓடும் பம்ப்பும் ஜெனரேட்டரும் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி ஓட வேண்டும், அவற்றின் புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமே கிடையாது. நனைந்த மின் இணைப்பை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். சுவரில் தண்ணீர் நின்ற தடத்தையும் கெட்ட பொருள்களையும் சுத்தம் செய்யும் முன் படம் எடுத்துவிடுங்கள், காப்பீட்டுக்கு அதுதான் சாட்சி.

சுத்தம் செய்வதில் பிளீச்சிங் பவுடரா, சோப்பா என்று கேட்டால், சோப்புதான் முதலில். சேற்றின் மேல் ஊற்றிய குளோரின் சேற்றிலேயே தீர்ந்துபோகும். சேற்றை அள்ளி, சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிய டைல்ஸ், கல், உலோகத்தின் மேல்தான் அது கிருமியைக் கொல்லும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடோ அம்மோனியாவோடோ அதைக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த சோபாவைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். கெட்டி மரச் சாமான்களை நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். நனைந்த பத்திரங்களை உடனே பிரித்து உலர்த்த முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம், உறைந்த தாளில் பூஞ்சை வளராது.

பூஞ்சை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். ஆகவே காயவைக்கும் முறையை முதல் நாளே முடிவுசெய்யுங்கள். வெளிக்காற்று உலர்ந்திருந்தால் ஜன்னல்களைத் திறந்து விசிறியை ஓடவிடுவது போதும், செலவும் இல்லை. மழை ஈரம் தொடர்ந்தால் ஜன்னலை மூடி, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை வைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்து இயந்திரத்தையும் ஓட்டினால் அது ஊர்க்காற்றையெல்லாம் உலர்த்த முயன்றுகொண்டிருக்கும்.

தரை காய்ந்ததும் சுவரும் காய்ந்துவிட்டது என்று பெயின்ட் அடிப்பவர்கள் அதிகம். செங்கல் சுவர் உள்ளே உலர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் பெயின்ட் வேண்டாம், இரண்டு வாரம் விட்டு மறுபடி ஒட்டிப் பார்க்கலாம்.